பழைய பிளேசருக்கு எந்தப் பட்டன்? கடைக்குப் போகும் முன் காஜாவை அளந்து பாருங்கள்

பர்மிங்காமில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். அங்கே பழைய சாமான் விற்கும் ஒரு சாரிட்டி கடையில் நேவி புளூ நிறத்தில் டபுள் பிரெஸ்ட் பிளேசர் ஒன்றை, அதாவது முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து இரண்டு வரிசைப் பட்டன் வரும் கோட்டை, 12 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறார். 1970களில் தைத்ததாக இருக்கும் என்று கடையில் இருந்த அம்மா சொன்னாராம். துணி நன்றாக இருக்கிறது, தோளும் கச்சிதமாக உட்கார்கிறது. ஆனால் முன்பக்கத்து ஆறு பட்டனில் ஒன்றைக் காணோம். கைக்கு மூன்று பட்டன், அதில் இடது கையில் ஒன்றைக் காணோம். மிச்சம் இருப்பவை கறுத்துப்போய்விட்டன, உற்றுப் பார்த்தால் கிரீடமும் நங்கூரமும் தெரிகின்றன. இணையத்தில் பளபளவென்று சிங்கமுகம் போட்ட தங்க நிற செட் கிடைக்கிறது, எருமைக் கொம்புப் பட்டனும் கிடைக்கிறது. மொத்தத்தையும் மாற்றிவிடலாமா, மாற்றினால் எதை மாட்டுவது என்பது அவர் கேள்வி.

தம்பி, மாற்றுவதா வேண்டாமா என்பதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். பழைய கோட்டில் பட்டன் தேர்வு பாதிக்கு மேல் ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். அதைத் தைத்தவர் காஜாவை, அதாவது பட்டன் நுழையும் ஓட்டையை, ஒரு அளவுக்கு வெட்டிவிட்டார், துணியை ஒரு கனத்தில் எடுத்துவிட்டார். நாற்பது ஐம்பது வருஷம் பட்ட வெயில், பட்டன் இருந்த இடத்தைச் சுற்றி நிறத்தையும் மாற்றியிருக்கும். இவ்வளவுக்கும் ஒத்துப்போகிற பட்டனைத்தான் நாம் தேட முடியும். கடையில் அழகாக இருப்பதை முதலில் வாங்கிவிட்டு, பிறகு கோட்டை அதற்கு வளைக்கப் பார்த்தால் கோட்டுதான் கெடும்.

நான் இதைக் கற்றது குன்னூர் பக்கம், வெலிங்டனில். அப்பா அங்கே ராணுவ அதிகாரிகளுக்கு உடுப்பு தைக்கும் கடையில் துணி வெட்டும் கட்டராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குக் கிடைத்த வேலை காஜாவும் பட்டனும்தான். பிறகு லண்டனில் ஆல்டரேஷன் கடைகளில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. இரண்டு ஊரிலும் நான் பார்த்த பிழை ஒன்றுதான்: பட்டனை முன்பக்கம் மட்டும் பார்த்து வாங்குவது.

முதலில் அளவு. பட்டன் வியாபாரத்தில் மில்லிமீட்டருக்குப் பதில் 'லைன்' என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு அங்குலத்துக்கு 40 லைன். பிளேசரின் முன்பக்கத்துக்கு வழக்கமாக 32 லைன், அதாவது சுமார் 20 மில்லிமீட்டர். கைக்கு 24 லைன், சுமார் 15 மில்லிமீட்டர். இணையத்தில் விற்பவர் '20 மி.மீ., 15 மி.மீ. செட்' என்று போட்டிருந்தால் இதுதான். ஆனால் பழைய டபுள் பிரெஸ்ட் கோட்டுகளில் 36 லைன், கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர் பட்டனும் வரும். அதனால் உங்களிடம் மிச்சம் இருக்கும் பெரிய பட்டன் ஒன்றை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். கண்ணளவு வேண்டாம். 20க்கும் 23க்கும் கையில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, காஜாவில் நுழைக்கும்போதுதான் தெரியும்.

அதைவிட முக்கியமானது பட்டனின் உயரம். உலோகப் பட்டன் பல சமயம் குவிந்து, அப்பளம் பொரிந்த மாதிரி மேலே உப்பியிருக்கும். 20 மில்லிமீட்டர் தட்டைப் பட்டன் வழுக்கிக்கொண்டு போகும் காஜாவில், அதே 20 மில்லிமீட்டர் உப்பின பட்டன் சிக்கிக்கொண்டு நிற்கும். இதற்கு அப்பா சொல்லிக்கொடுத்த வழி: மெல்லிய காகிதத்தை அரை அங்குல அகலத்துக்கு நாடா மாதிரி வெட்டுங்கள். பட்டனின் நடுவில் குறுக்காக ஒரு சுற்றுச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். நாடாவைப் பிரித்து அந்த நீளத்தில் பாதி எடுத்தால், அதுதான் இந்தப் பட்டன் கேட்கிற காஜா நீளம். பிறகு கோட்டில் இருக்கும் காஜாவை விரிக்காமல், படுக்கைவாட்டில் உள்பக்கத் திறப்பை மட்டும் அளங்கள், முனையில் இருக்கும் கட்டுத் தையலைச் சேர்க்காதீர்கள். இரண்டு எண்ணும் ஒன்றாகவோ, காஜா ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகவோ இருந்தால் சரி.

காஜா சின்னதாகப் போய்விட்டால் கத்தரியை எடுத்து ஒரு வெட்டு வெட்டி நீட்டிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பழைய கோட்டில் கையால் போட்ட காஜா என்றால் அந்தப் பட்டு நூல் ஓரம் முழுக்கப் பிரிந்துவரும், திரும்ப அதே மாதிரி போட ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நீங்கள் கோட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகம் கேட்பார். மாறாக, காஜா தளர்ந்து பெரிதாகிவிட்டிருந்தால் பயமில்லை. முனையில் நிறம் ஒத்த நூலால் இரண்டு தையல் குறுக்கே போட்டு இறுக்கிவிடலாம், வெளியே தெரியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பட்டன் இருந்த இடத்தில் துணி வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருக்கும். பட்டனைக் கழற்றினால் அடியில் கருநீல வட்டம் ஒன்று நிலா மாதிரி தெரியும், சுற்றி எல்லாம் சற்று வெளுத்திருக்கும். புதுப் பட்டன் பழையதைவிடச் சிறிதாக இருந்தால் அந்த வட்டத்தின் ஓரம் வெளியே எட்டிப் பார்க்கும். ஆகவே அதே அளவு, இல்லையென்றால் காஜா இடம்கொடுத்தால் ஒரு நூல் பெரிது. சிறிது கூடவே கூடாது.

சரி, இப்போது உங்கள் பட்டனுக்கு வருவோம். அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் கதை சொல்லும். பின்னால் நூல் போகிற வளையத்தைச் சுற்றிச் சின்ன எழுத்தில் தயாரித்தவர் பெயர் அச்சாகியிருக்கலாம். 'ஃபர்மின் அண்ட் சன்ஸ், லண்டன்' என்றோ, 'ஜே. ஆர். காண்ட் அண்ட் சன், பர்மிங்காம்' என்றோ இருந்தால், அது அசல் சீருடைப் பட்டன் செய்கிறவர்கள் கைப்பட்டது. ஃபர்மின் தன் தொடக்கத்தை 1655 என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனம். அமெரிக்கக் கோட்டாக இருந்தால் 'வாட்டர்பரி' என்று இருக்கும், கனெடிகட் மாநிலத்தில் 1812இல் தொடங்கியது. பெயரே இல்லாமல் மொட்டையாக இருந்தாலும் மட்டம் என்று அர்த்தமில்லை.

பிறகு ஒரு காந்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதே போதும். பட்டன் ஒட்டினால் அது இரும்புத் தகட்டின் மேல் முலாம். ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்கலாம், துத்தநாகக் கலப்பாக இருக்கலாம், அலுமினியமாகவும் இருக்கலாம். அடுத்தது கனம். அலுமினியம் பித்தளையில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட வராது, உள்ளங்கையில் குதிக்கவிட்டால் தெரிந்துவிடும். 1950களில் பிரிட்டிஷ் ராணுவம், பாலிஷ் போடுகிற வேலை மிச்சம் என்று, தங்க நிறம் ஏற்றிய அலுமினியப் பட்டனுக்கு மாறியது. 'ஸ்டேபிரைட்' என்பார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி எப்போதும் ஒரே மினுக்கு. அது கறுக்காது. உங்களுடையது கறுத்திருக்கிறது என்கிறீர்கள், அதனால் பித்தளை அல்லது முலாம் பூசிய பித்தளை என்று என் கணக்கு. பிளாஸ்டிக்கின் மேல் உலோகப் பூச்சு ஏற்றியதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பல்லில் லேசாகத் தட்டினால் போதும். உலோகம் 'டிங்' என்று குளிர்ந்து நிற்கும், பிளாஸ்டிக் 'டொக்' என்னும்.

கிரீடமும் நங்கூரமும் சேர்ந்து சுற்றிலும் கயிறு மாதிரி ஓரம் இருந்தால் அது ராயல் நேவி, அதாவது பிரிட்டிஷ் கடற்படை, அதிகாரிகளின் பட்டன் மாதிரி. கிரீடத்தின் மேல்பகுதியைப் பாருங்கள். வளைவுகள் வட்டமாக, குடை மாதிரி மேலே எழும்பியிருந்தால் அது டியூடர் கிரீடம். நடுவில் சற்றுப் பள்ளம் விழுந்து தோள் தூக்கின மாதிரி இருந்தால் செயின்ட் எட்வர்ட் கிரீடம். 1901 தொட்டு வந்த மன்னர்கள் காலத்தில் முதல் வகை, எலிசபெத் 1953இல் முடிசூடிய காலத்தை ஒட்டி இரண்டாம் வகை. சார்லஸ் 2022இல் மறுபடி டியூடர் கிரீடத்துக்கே போய்விட்டார், அதனால் வட்டக் கிரீடம் என்றாலே பழசு என்று இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் உங்களுடையது இவ்வளவு கறுத்துப்போனது, புதிது இல்லை. கோட்டு 1970களுடையது, பட்டனில் வட்டக் கிரீடம் என்றால் பட்டன் கோட்டைவிட மூத்தது. யாரோ தன் பழைய சீருடையிலிருந்து கழற்றி இதில் தைத்திருக்கிறார். கோட்டே கடற்படைச் சீருடையாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டாம். அவர்களின் டபுள் பிரெஸ்ட் கோட்டில் முன்னால் எட்டுப் பட்டன், உங்களுடையதில் ஆறு.

கோட்டின் வயதை உறுதி செய்ய, உள்பக்க மார்புப் பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள். அளவெடுத்துத் தைத்த கோட்டு என்றால் அங்கே ஒரு சின்ன லேபிளில் வாடிக்கையாளர் பெயரும் தேதியும் பேனாவால் எழுதியிருப்பார்கள். கடையில் விற்கும் அம்மாவின் ஊகத்தைவிட அது நிச்சயம். ஒருமுறை அப்படித் துழாவியபோது எனக்குக் கிடைத்தது தேதியும், மடித்த ஒரு பேருந்துச் சீட்டும், இரண்டு கிராம்பும்.

இப்போது, அதே பட்டனைத் தேடிப்பிடித்து செட்டை நிரப்பலாமா? கிடைக்கும். கடற்படைப் பட்டன் ஏராளமாக அடித்தார்கள், பழைய சாமான் விற்பவர்களிடம் ஒற்றை ஒற்றையாகவே கிடைக்கும். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாட்டமாட்டேன். வெலிங்டனில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் கடையில் பழைய பிளேசர் ஒன்றைச் சுருக்கித் தைத்து வாங்கிய பையன், கல்லூரி மாணவன், அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். பட்டன் எல்லாம் ஒரு ராணுவ ரெஜிமென்ட்டின் சின்னம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், எண்பது வயதுக்கு மேல் இருக்கும், கைத்தடியோடு மெல்ல நடந்துவந்து, அந்தப் பட்டனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து "எந்த பட்டாலியன் தம்பி நீ?" என்று கேட்டார். பையன் "சும்மா, கடையில் வாங்கினது சார்" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் தட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். கோட்டைச் சுருக்கித் தைத்தவன் நான், பட்டனை மாற்றச் சொல்லியிருக்க வேண்டியவனும் நான். இங்கிலாந்தில் இந்தப் பார்வை இன்னும் கூர்மை. ரெஜிமென்ட், கல்லூரி, படகுக் குழு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டன் இருக்கிற ஊர் அது. பிளேசர் என்ற பெயரே கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் லேடி மார்கரெட் படகுக் குழு போட்ட செக்கச்செவேல் கோட்டிலிருந்து வந்தது என்பார்கள். எச்.எம்.எஸ். பிளேசர் என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் போட்ட கோட்டிலிருந்து வந்தது என்ற கதையையும் சொல்வார்கள், அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எப்படியோ, சின்னம் என்றால் அங்கே 'நான் இன்ன இடத்து ஆள்' என்று சொல்வது.

கிரீடம் இல்லாத வெறும் நங்கூரம் வேறு விஷயம். அது பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது, யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் பார்த்த சிங்கமுகமும் யாருக்கும் சொந்தமில்லைதான். ஆனால் அது பளபளக்கிறது என்றீர்களே, அங்கேதான் எனக்கு மனசு ஒட்டவில்லை. நாற்பது வருஷம் உடுத்தி மினுக்குப் போன கம்பளித் துணியின் மேல் புதுத் தங்க நிறம், பழைய பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பூமாலை போட்ட மாதிரி இருக்கும். துணி வெளுத்தது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மங்கலான பித்தளை, 'ஆன்டிக் பிராஸ்' என்று விற்பது, அல்லது எந்தச் சின்னமும் இல்லாத தட்டையான, லேசாக மட்டும் மெருகேற்றிய பித்தளைப் பட்டன்: இந்தக் கோட்டுக்கு நான் கை நீட்டுவது இவற்றுக்குத்தான். தட்டைப் பட்டனில் இன்னொரு வசதி, காஜாவில் சிக்காது. விருப்பமிருந்தால் உங்கள் முதலெழுத்தைப் பொறித்துக்கொள்ளலாம், அது உங்கள் சொந்தச் சின்னம், யாரும் பட்டாலியன் கேட்க முடியாது.

வெள்ளி நிறம்? துணி சாம்பல் சாயலுள்ள நீலமாக இருந்தால் பொருந்தும், கருநீலத்தில் கொஞ்சம் குளிர்ந்துபோகும். உங்கள் ருசி.

கொம்புப் பட்டனைப் பற்றிக் கேட்டீர்கள். எருமைக் கொம்பு அருமையான பொருள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை கோடு ஓடும், தொட்டால் கதகதப்பு. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துச் சம்பலில் கொம்பு வேலை பெயர் பெற்றது. ஆனால் டபுள் பிரெஸ்ட் நேவி கோட்டில் கொம்பை மாட்டினால், பேன்ட்டைத் தொலைத்துவிட்ட சூட் கோட்டு மாதிரி ஆகிவிடும். பிளேசரை சூட்டிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்த உலோகப் பட்டன்தான். ட்வீட் என்கிற முரட்டுக் கம்பளிக் கோட்டாக இருந்தால் கொம்பு, அல்லது பந்து மாதிரி பின்னிய தோல் பட்டன் என்று யோசித்திருப்பேன். படகுக் குழுக்காரர்கள் போடும் கோடு போட்ட பிளேசராக இருந்தால் முத்துச்சிப்பி. தென் அமெரிக்கப் பனை ஒன்றின் கொட்டையில் செய்யும் கொரோசோவும் நல்லதுதான், தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் மட்டும் இளகும். உங்கள் கோட்டுக்கு இவை எதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக, இருப்பதைச் சுத்தம் செய்து பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். நியாயம்தான். இங்கே என் கதை ஒன்று. பதினாறு வயசு இருக்கும். ஒரு பழைய பிளேசருக்கு லைனிங் மாற்ற வந்தது. பட்டன் எல்லாம் மங்கியிருந்ததைப் பார்த்து, வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்று, யாரும் சொல்லாமலே பித்தளை பாலிஷ் எடுத்து ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. அப்பா வந்து பார்த்தார். கோட்டின் கைப்பக்கம் ஒரு பட்டனை நான் விட்டுவிட்டிருந்தேன். அதையும் தேய்த்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தேய்க்காதது ஆழ்ந்த தங்க நிறம், கொஞ்சம் அழுக்கு. தேய்த்தது எலுமிச்சை மஞ்சள், வெறும் பித்தளை. மேலே இருந்த தங்க முலாமை நான் துணியில் துடைத்து எறிந்திருந்தேன். "முலாத்துக்குச் சோப்புத் தண்ணி போதும்டா" என்றார், அதற்கு மேல் திட்டவில்லை, அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

முலாம் ஏன் அப்படி உரிகிறது என்பதை நீங்கள் இருக்கும் ஊரே சொல்லும். பட்டன் தொழிலுக்குப் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பர்மிங்காம்தான் தலைநகர். நீராவி எஞ்சினுக்காக ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்த மேத்யூ போல்டன் வீட்டுத் தொழிலே பட்டனும் பக்கிளும்தான். அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பித்தளையில் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக விரட்டுவார்கள். முலாம் கனமாக நிற்கும், வேலை செய்தவர்கள் நஞ்சை சுவாசித்து நொந்தார்கள். பிறகு அதே ஊரில் 1840இல் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை எடுத்தார். அதன்பின் தங்கத்தை எவ்வளவு மெல்லியதாக வேண்டுமானாலும் பூச முடிந்தது. மெல்லியதாகவே பூசவும் செய்தார்கள்.

ஆகவே முதலில் ஒரே ஒரு பட்டனைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மிருதுவான பல்துலக்கியால் தடவிப் பாருங்கள். அழுக்குப் போனபின் ஆழ்ந்த தங்க நிறம் தெரிந்தால் அது முலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முலாம் ஏற்கெனவே தேய்ந்து பித்தளை மட்டும்தான் என்றால் நம் வீட்டுப் புளியே போதும். குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி ஊறவைத்த புளியைப் பூசி, கொஞ்ச நேரத்தில் கழுவித் துடைத்துவிடுங்கள். கோட்டில் இருக்கும்போதே செய்யாதீர்கள். புளிக்கறை கம்பளியில் பிடித்தால் போகாது. ராணுவத்தில் இதற்கென்றே 'பட்டன் ஸ்டிக்' என்று ஒரு பித்தளைத் தகடு வைத்திருப்பார்கள், நீளவாக்கில் நடுவே பிளவு இருக்கும். அதைப் பட்டனுக்கும் துணிக்கும் நடுவே செருகிவிட்டுத் தேய்ப்பார்கள். வளையத்தைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள், அந்தக் களிம்பு நூலையும் அரித்துவிடும்.

கைப் பட்டனுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டுதான் மிச்சம் என்றால், வலது கையில் ஒன்றைக் கழற்றி இரண்டு கையும் இரண்டிரண்டு ஆக்கிவிடலாம். பிளேசருக்குக் கையில் இரண்டு பட்டன் சாதாரண விஷயம், கண்ணை உறுத்தாது. எடுக்கிற இடத்தில் போலிக் காஜா தைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், தைத்திருந்தால் வெறும் காஜா தொங்கிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் அந்த நிலா வட்டத்தை ஈரத்துணி போட்டு அயர்ன் செய்து, பிரஷால் நீவினால் பெரும்பாலும் அமுங்கிவிடும். முன்பக்கத்தில் காணாமல் போனது எது என்பதையும் பாருங்கள். ஆறில் ஒன்றோ இரண்டோதான் உண்மையில் காஜாவில் போகும், மிச்சம் அலங்காரம். அலங்காரப் பட்டன் போயிருந்தால் அவசரமே இல்லை. உள்பக்கத்தில் இன்னொரு சின்னப் பட்டன் இருக்கும், 'ஜிகர்' என்பார்கள், கீழே மடியும் பாதியைத் தாங்கிப் பிடிப்பது. பழைய கோட்டுகளில் இது அறுந்திருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். அது இல்லாமல் முன்பக்கம் கீழே வழிந்து தொங்கும், பட்டன் இடம் தப்பிப்போச்சு என்று நினைத்துக்கொள்வோம். அதற்குச் சாதாரண நாலு ஓட்டைப் பட்டன் போதும்.

செட்டையே மாற்றுவதாக முடிவு செய்தால், ஒற்றை ஒற்றையாகக் கலக்காமல் ஒரே செட்டாக, 6 பெரியது 6 சிறியது, இன்னும் கூடவே பெரியதில் ஒன்று சிறியதில் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். வாங்கும்போது பின்பக்க வளையத்தை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். ஓரம் கூராக இருந்தால் நூலை மாதக் கணக்கில் அறுத்துவிடும். பித்தளை வளையம் தனியாக வைத்துப் பற்றவைத்ததா, அல்லது தகட்டையே வளைத்ததா என்பதையும் பாருங்கள், முதல் வகை மேல். பர்மிங்காமில் புல்ரிங் பக்கத்து ராக் மார்க்கெட்டில் துணியும் தையல் சாமானும் விற்கும் கடைகள் உண்டு. இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைவிட அங்கே போய்த் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது பழைய பட்டன் ஒன்றையும் காகித நாடாவையும் எடுத்துப் போங்கள். கனத்தையும் யோசியுங்கள். குளிர்காலக் கம்பளிக்குக் கனத்த பித்தளை தாங்கும். லேசான துணியாக இருந்தால் கனத்த பட்டன் முகத்தைக் கீழே தொங்கப்போட்டு நிற்கும், சுற்றித் துணி சுருங்கும்.

கழற்றும் முன், ஒவ்வொரு பட்டனின் நடுவிலும் வெள்ளை நூலால் ஒரு தளர்ந்த தையல் போட்டு இடத்தை அடையாளம் வையுங்கள். சாக்குக்கட்டி போட்டால் நீவும்போது அழிந்துவிடும். நூலை வெட்டும்போது கத்தரி நுனியைப் பட்டனுக்கும் துணிக்கும் நடுவே பாய்ச்சாமல், பட்டனைத் தூக்கிப் பிடித்து நூலை மட்டும் நறுக்குங்கள். தைக்க, பட்டன் நூல் என்று தடிமனாக விற்பதை எடுத்துத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து, காகிதத்துக்கு நடுவே வைத்து அயர்ன் காட்டினால் மெழுகு உள்ளே இறங்கி நூல் திரும்பாமல் நிற்கும். துணி கிழிந்து ஓட்டையாகியிருந்தால் உள்ளே விறைப்புக்கு வைத்திருக்கும் கேன்வாஸோடு சேர்த்து ஒரு சின்னத் துண்டுத் துணி வைத்துத் தையுங்கள், வெறும் மேல்துணியில் மட்டும் பிடித்தால் மறுபடி பிய்யும்.

வளையத்தின் திசை முக்கியம். காஜா படுக்கைவாட்டில் இருந்தால் வளையமும் படுக்கைவாட்டில், காஜாவோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். குறுக்காக நின்றால் காஜாவை அகட்டிக்கொண்டே இருக்கும். சின்னம் போட்ட பட்டன் வாங்கினால் இதில் ஒரு சோதனை உண்டு: வளையம் சரியான திசையில் வரும்போது நங்கூரம் நேராக நிற்கிறதா, சாய்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சாய்ந்த நங்கூரம் என்றால் தைத்தவர்மேல் பழி விழும், உண்மையில் வளையத்தைப் பற்றவைத்தவர் செய்த வேலை. தட்டைப் பட்டனில் இந்தத் தலைவலியும் இல்லை.

பழைய பட்டன்களைக் கழற்றினால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சின்னத் துணிப் பையில் போட்டு, அதே கோட்டின் உள் பாக்கெட்டில் வையுங்கள். பிற்பாடு இந்தக் கோட்டை யார் வாங்கினாலும், அல்லது கடற்படையில் இருந்தவர் வீட்டிலிருந்து யாராவது தேடி வந்தாலும், பட்டன் கோட்டோடு இருக்கும்.

முடிந்தால் பட்டனின் பின்பக்கத்தையும், உள் பாக்கெட்டு லேபிளையும் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். காஜாவின் நீளத்தையும் எழுதுங்கள். அது 23க்கு மேல் என்றால் நான் சொன்ன 32 லைனை மறந்துவிட்டு 36 பக்கம் பார்க்கலாம்.